சுழலும் இயந்திரங்களின் அதிர்வை லினக்ஸில் கண்காணிப்பது: சென்சார் பொருத்துவது முதல் அலாரம் வரை

ஒரே பம்பைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர், பேரிங் ஹவுசிங் மேல் கை வைத்ததுமே "இன்னைக்கு இது சரியில்லை" என்று சொல்லிவிடுவார். எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் நேற்று அதே இடத்தில் கை வைத்தபோது எப்படி இருந்தது என்று தெரியும். அதிர்வுக் கண்காணிப்பின் சாரமே இதுதான். அதே இயந்திரம், அதே இடம், அதே ஓட்டம். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? லினக்ஸ் ஓடும் ஒரு சின்னக் கணினியை வைத்து நாம் செய்யப்போவதும் இதையேதான். அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வருவேன்: இன்று எடுக்கும் அளவை ஆறு மாதம் கழித்து எடுக்கும் அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா?

தொடங்கும் முன் ஒரு எல்லைக்கோடு. இங்கே சொல்வது கண்காணிப்புக்கு மட்டும். அதிர்வு எகிறினால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு வேறு வகை. அதற்கு ஏபிஐ 670 போன்ற தரநிலைகள் இருக்கின்றன, அதற்கென்றே செய்த கருவிகள் இருக்கின்றன. நாம் எழுதும் பைதான் நிரலை டர்பைனின் டிரிப் சர்க்யூட்டில் கோர்க்கக் கூடாது.

படி 1: இயந்திரத்தின் ஜாதகத்தை எழுதுங்கள்

சென்சார் வாங்குவதற்கு முன் இயந்திரத்தின் பெயர்ப்பலகை முன்னால் போய் நில்லுங்கள். வேகம், கிலோவாட், இரண்டு பக்க பேரிங் எண்கள், இம்பெல்லரில் எத்தனை இறக்கைகள், கியர் இருந்தால் எத்தனை பற்கள், இன்வெர்ட்டரில் ஓடுகிறதா, ஃபவுண்டேஷன் கான்கிரீட்டா ஸ்பிரிங்கா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எதிர்பார்க்கும் அதிர்வெண்களைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் போடுங்கள். உதாரணமாக, நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார், 6205 பேரிங், 5 இறக்கை உள்ள பம்ப் என்று வைப்போம். 1440ஐ 60ஆல் வகுத்தால் 24 ஹெர்ட்ஸ். இதைத்தான் 1எக்ஸ் என்கிறோம். இறக்கைகள் தண்ணீரைத் தள்ளும் துடிப்பு 5 பெருக்கல் 24, அதாவது 120 ஹெர்ட்ஸ். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் மோட்டாரின் காந்த அதிர்வு அதற்கு இரட்டிப்பாக 100 ஹெர்ட்ஸில் வரும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 120.

பேரிங்குக்கு வருவோம். 6205இல் 9 குண்டுகள். குண்டின் விட்டம் சுமார் 7.94 மி.மீ, குண்டுகள் ஓடும் வட்டத்தின் விட்டம் சுமார் 39.04 மி.மீ. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.2034. வெளி வளையத்தில் பழுது இருந்தால், குண்டுகளின் எண்ணிக்கையில் பாதியை 1எக்ஸால் பெருக்கி, அதை 1 கழித்தல் 0.2034ஆல் பெருக்க வேண்டும். 4.5 பெருக்கல் 24 பெருக்கல் 0.7966, அதாவது 86 ஹெர்ட்ஸ். உள் வளையத்துக்குக் கழித்தலுக்குப் பதில் கூட்டல்: 130 ஹெர்ட்ஸ். கூண்டு 9.6 ஹெர்ட்ஸ் அளவில் சுற்றும். இந்தக் கணக்கு ஆழ்பள்ளப் பேரிங்குக்கு. கோணத் தொடர்பு பேரிங் என்றால் அந்தக் கோணத்தின் கொசைனையும் 0.2034இன் இடத்தில் வரும் எண்ணோடு பெருக்க வேண்டும். உண்மையில் குண்டுகள் கொஞ்சம் வழுக்கும், ஆகவே ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடத்தில், கணக்கிட்ட எண்ணுக்கு ஓரிரு சதவீதம் தள்ளித்தான் முகடு தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள்: 86ம் 130ம் 24இன் முழு மடங்குகள் இல்லை. ஸ்பெக்ட்ரத்தில் 1எக்ஸின் மடங்காக இல்லாத ஒரு முகடு முளைத்தால் முதலில் பேரிங்கைச் சந்தேகப்படுவது இதனால்தான்.

படி 2: சென்சார் தேர்வு

இரண்டு குடும்பங்கள். ஒன்று மெம்ஸ் சிப்புகள், அதாவது சிலிக்கனில் செதுக்கிய நுண் சென்சார்கள். விலை குறைவு, எஸ்பிஐ என்ற கம்பி இணைப்பு வழியாக நேராகச் சிறு கணினியோடு பேசும். இன்னொன்று பீசோ படிகத்தால் ஆன ஐஇபிஇ ஆக்சிலரோமீட்டர்கள். பெரும்பாலும் ஒரு ஜிக்கு (ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம்) 100 மில்லிவோல்ட் தரும். சில மில்லிஆம்பியர் மாறாத மின்னோட்டம் கொடுத்து இயக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் எடுப்பது ஏடிஎக்ஸ்எல்345 என்ற மெம்ஸ் சிப். அது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் 24 ஹெர்ட்ஸ் மோட்டார் விநாடிக்கு 1 மி.மீ வேகத்தில் அதிர்கிறது. இது நல்ல ஆரோக்கியமான நிலை. முடுக்கமாக மாற்ற 2 பை பெருக்கல் 24ஆல் பெருக்கினால் 151 மி.மீ/விநாடி², அதாவது சுமார் 15 மில்லி ஜி. அந்தச் சிப்பின் ஒரு படி 3.9 மில்லி ஜி. ஆக, முழு அதிர்வும் நான்கே படிகளில் அடங்கிவிடுகிறது. ஏடிஎக்ஸ்எல்355 என்றால் 2 ஜி வரம்பில் ஒரு படி 3.9 மைக்ரோ ஜி, ஆயிரத்தில் ஒரு பங்கு. இரைச்சலைக் கழித்தாலும் பெரிய வித்தியாசம். ஆனால் அதன் பயன்படும் அலைவரிசை 1 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அன்பேலன்ஸ் (சுழலும் எடை ஒரு பக்கம் சாய்வது), மிஸ்அலைன்மென்ட் (இணைந்த இரண்டு ஷாஃப்ட்டுகள் நேர்கோட்டில் இல்லாதது) பார்க்கப் போதும். பேரிங் பழுதை ஆரம்பத்திலேயே பிடிக்கப் போதாது, ஏனென்றால் அந்தத் தகவல் பல கிலோஹெர்ட்ஸில் ஒளிந்திருக்கிறது.

பேரிங்தான் உங்கள் கவலை என்றால் ஐஇபிஇ பக்கம் போங்கள். ராஸ்பெர்ரி பை மேல் செருகும் எம்சிசி 172 அட்டை இரண்டு ஐஇபிஇ சேனல்களை 24 பிட்டில், சேனலுக்கு விநாடிக்கு 51,200 சாம்பிள் வரை எடுக்கும். லினக்ஸுக்கான நிரல் நூலகமும் உண்டு. என் அபிப்பிராயம்: பத்து இயந்திரத்தில் மலிவு சென்சார் மாட்டுவதைவிட, நின்றால் ஆலையே நிற்கும் இரண்டு இயந்திரத்தில் நல்ல சென்சார் மாட்டுவது மேல்.

படி 3: பொருத்துதல்

மொத்த வேலையில் பாதி இதுதான். சென்சார் பேரிங்குக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. நடுவில் மெல்லிய தகடு இருக்கக் கூடாது. மோட்டாரின் ஃபேன் கவர் மேல் வைத்தால் கவரின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். ஒவ்வொரு பேரிங்கிலும் கிடைமட்டம், செங்குத்து என இரண்டு திசை, ஷாஃப்ட்டின் நீளவாக்கில் ஒரு திசை என்று மூன்று கிடைத்தால் அருமை. ஒன்றுதான் முடியும் என்றால் கிடைமட்டத்தை எடுங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் அந்தத் திசையில்தான் இளகியிருக்கும்.

ஹவுசிங்கில் துளை போட்டு ஸ்டட் முறுக்குவதுதான் சிறந்த வழி. துளை போட முடியாவிட்டால் சின்ன உலோகத் தட்டை எபாக்சியால் ஒட்டி அதன் மேல் முறுக்கலாம். காந்தம் அவசரத்துக்கு உதவும். கையால் அழுத்திப் பிடிக்கும் குச்சியில் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரும் எதையும் நம்ப வேண்டாம்.

ஒரு முறை ஒரு ஃபேனில் வாரத்துக்கு வாரம் உயர் அதிர்வெண் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பேரிங்கைக் கழற்றவே முடிவு செய்துவிட்டோம். கடைசியில் டார்ச் அடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தால், காந்தத்துக்கு அடியில் நகக்கண் அளவு பெயிண்ட் செதில். காந்தம் மூன்று முனையில் உட்கார்ந்து நான்காவது பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டி, எமரி தாள் போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டு கிரீஸ் தடவி வைத்ததும் அளவு அடங்கியது. அன்றிலிருந்து சென்சார் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் மார்க்கரால் வட்டம் போட்டு, திசைக்கு அம்புக்குறி வரைந்து, புகைப்படம் எடுத்து வைப்பது என் வழக்கம்.

கேபிளையும் கட்டுங்கள். தொங்கும் கேபிள் ஆடி, அதுவே ஒரு சிக்னல் ஆகிவிடும். இன்வெர்ட்டரின் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் மிகச் சரியாக 50 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு முகடு நின்றால், அது பெரும்பாலும் இயந்திரம் இல்லை, எர்த் லூப் (இரண்டு இடத்தில் எர்த் ஆனதால் வரும் மின் இரைச்சல்). இவற்றையெல்லாம் இயந்திரம் நின்று, மின் இணைப்பு பூட்டுப் போட்டு நிறுத்தப்பட்ட பிறகே செய்யுங்கள். கப்ளிங் கார்டை (சுழலும் இணைப்பை மூடும் காப்பு உறையை) திறந்து வைத்துக்கொண்டு யாரும் சென்சார் ஒட்ட வேண்டாம்.

படி 4: லினக்ஸுக்குள் தரவைக் கொண்டுவருவது

புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் இது. ஒரு லூப் எழுதி, சென்சாரைப் படித்து, ஒரு மில்லிவிநாடி தூங்கி, மறுபடி படிப்பார்கள். பார்க்க 1000 ஹெர்ட்ஸ் மாதிரி இருக்கும். ஆனால் லினக்ஸில் அந்த நேரத்தில் வேறு வேலையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சாம்பிள் 1.1 மில்லிவிநாடியில் வரும், அடுத்தது 1.6இல், நடுவில் ஒன்று 8இல். அலைவடிவத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்குக்கு இது தெரியாது. எல்லாம் சம இடைவெளியில் வந்தது என்று நம்பி, கூர்மையான முகட்டைக் கலைத்துப் பரப்பிவிடும். அந்தக் கலைதலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

ஆகவே நேரத்தைக் கணக்கு வைக்கும் வேலையைச் சென்சாரின் அல்லது ஏடிசியின் (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) சொந்தக் கடிகாரத்திடம் விடுங்கள். லினக்ஸ் மூட்டையாக வந்து அள்ளிக்கொண்டு போனால் போதும். இதற்குக் கெர்னலிலேயே ஐஐஓ என்ற துணை அமைப்பு இருக்கிறது. சென்சாரின் டிரைவர் ஏறியதும், சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஐஐஓ சாதன அடைவின் கீழ் ஒரு கோப்புறை தோன்றும். அதில் பஃபர் அடைவும், எந்தெந்த அச்சு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கோப்புகளும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் லிப்ஐஐஓ நூலகத்தோடு வரும் கருவிகளால் சில வரிகளில் தொடர் தரவை எடுத்துவிடலாம். அச்சுக்கு ஒன்றாக இருக்கும் ஒற்றை மதிப்புக் கோப்பை லூப் போட்டுப் படிப்பது, முன்னால் சொன்ன அதே தவறுதான்.

ஐஐஓவில் முடுக்கத்தின் கச்சா எண்ணை ஸ்கேல் கோப்பில் உள்ள எண்ணால் பெருக்கினால் கிடைப்பது மீட்டர்/விநாடி². ஜி அல்ல. இது தெரியாமல் மறுபடி 9.81ஆல் பெருக்கிவிட்டு, நல்ல மோட்டாரைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. மெம்ஸ் சென்சாரைச் சரிபார்க்க எளிய வழி: அசையாமல் மேசையில் வைத்துச் செங்குத்து அச்சைப் படியுங்கள், தலைகீழாகத் திருப்பி மறுபடி படியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 19.6 வர வேண்டும்.

சிப்புக்குள் இருக்கும் ஃபிஃபோ (தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் வரிசை) சின்னது. ஏடிஎக்ஸ்எல்355இல் 96 இடங்கள், மூன்று அச்சுக்கு 32 சாம்பிள். விநாடிக்கு 4000 எடுத்தால் 8 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அதற்குள் அள்ளாவிட்டால் தரவு வழிந்து போகும். ஆகவே வாசிக்கும் நிரலுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுங்கள். இதற்கு உதவும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி வசதி 2024இல் வந்த 6.12 கெர்னலிலிருந்து முதன்மை லினக்ஸிலேயே இருக்கிறது; பயன்படுத்தலாம். ஓவர்ஃப்ளோ வந்ததா என்று ஒவ்வொரு பதிவிலும் சோதித்து, வந்திருந்தால் அந்தப் பதிவைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். ஓட்டை விழுந்த பதிவு பொய் சொல்லும்.

சவுண்ட் கார்டு வழியும் உண்டு. யுஎஸ்பி ஆக்சிலரோமீட்டர்கள் சில, லினக்ஸுக்கு மைக் போலவே தெரியும். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவால் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு எச்சரிக்கை. பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்ற இடைத்தரகர்கள் சாம்பிள் வேகத்தை மாற்றி, ஒலி அளவையும் திருத்திவிடும். ஆல்சாவின் வன்பொருள் சாதனத்தையே நேராகத் திறங்கள். அடுத்து, சாதாரண சவுண்ட் கார்டு தாழ்ந்த அதிர்வெண்ணை வெட்டிவிடும்; மெதுவாகச் சுற்றும் இயந்திரத்துக்கு ஆகாது.

வேகம் மாறும் இயந்திரம் என்றால், ஷாஃப்ட் சுற்றும் ஒவ்வொரு முறையும் துடிப்பு தரும் ஒரு டாக்கோ சென்சாரும் வேண்டும். ஜிபிஐஓ பின்னில் இணைத்து லிப்ஜிபிஐஓடி வழியாகப் படித்தால், ஒவ்வொரு துடிப்பும் வந்த நேரத்தைக் கெர்னலே குறித்துத் தரும்.

படி 5: எவ்வளவு வேகம், எவ்வளவு நீளம்

பார்க்க வேண்டிய உச்ச அதிர்வெண்ணை 2.56ஆல் பெருக்குங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்க விநாடிக்கு 25,600. நீளத்தைப் பொறுத்து நுணுக்கம்: 1 விநாடித் துண்டு என்றால் முகடுகள் 1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரிந்து தெரியும்.

1 ஹெர்ட்ஸ் போதுமா? நிமிடத்துக்கு 2960 சுற்று ஓடும் இரட்டைத் துருவ மோட்டாரை எடுங்கள். 1எக்ஸ் 49.33, 2எக்ஸ் 98.67. மின்காந்த அதிர்வு 100. நடுவில் 1.33 ஹெர்ட்ஸ்தான். எஃப்எஃப்டிக்கு முன் துண்டின் இரு முனைகளையும் தணிக்கும் ஹான் விண்டோ, முகட்டை இரண்டு மூன்று கட்டங்களுக்கு (அதிர்வெண் படிகளுக்கு) பரப்பும் என்பதால் 1 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் இரண்டும் ஒரே குன்றாகத் தெரியும். அலைன்மென்ட் கோளாறா, ஸ்டேட்டர் (மோட்டாரின் சுற்றாத பகுதி) கோளாறா என்று சொல்ல முடியாது. 8 விநாடித் துண்டு எடுத்தால் 0.125 ஹெர்ட்ஸ், இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

தரவு முழுவதையும் சேமிக்க ஆசைப்படாதீர்கள். 25,600 சாம்பிள், சாம்பிளுக்கு 4 பைட் என்றால் ஒரு சேனலுக்கே நாளுக்கு சுமார் 8.8 ஜிபி. 15 நிமிடத்துக்கு ஒரு முறை 10 விநாடிக் கச்சா அலைவடிவம் போதும். நாளுக்கு 100 எம்பிக்குள் அடங்கும். ஆனால் அந்தக் கச்சாப் பதிவை மட்டும் கட்டாயம் வைத்திருங்கள். ஸ்பெக்ட்ரத்தை மட்டும் வைத்தால், பிறகு வேறு மாதிரிக் கணக்கிட நினைக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

படி 6: கணக்கு

பைதானில் நம்பை, சைபை இரண்டும் போதும். முதலில் மொத்த வேகம். துண்டுகளின் ஸ்பெக்ட்ரங்களைச் சராசரி எடுக்கும் வெல்ச் முறையில் முடுக்கத்தின் திறன் அடர்த்தியை எடுத்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் (அதை எஃப் என்போம்) 2 பை எஃப் என்ற முழுப் பெருக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கூட்டி, கட்ட அகலத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1000ஆல் பெருக்கினால் மி.மீ/விநாடி ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்). 10க்குக் கீழே போகாததற்குக் காரணம், சின்ன எண்ணால் வகுக்கும்போது சென்சாரின் இரைச்சல் மலைபோல வீங்கிவிடும். நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழ் ஓடும் இயந்திரத்துக்கு மட்டும் 2 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள்.

சைபையின் வெல்ச் செயல்கூறுக்குத் துண்டின் நீளத்தை நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 256 சாம்பிள் என்று எடுத்துக்கொள்ளும். 25,600ஐ 256ஆல் வகுத்தால் கட்டத்துக்கு 100 ஹெர்ட்ஸ். நம் 86ம் 130ம் ஒரே கட்டத்தில் புதைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நிரலை இயந்திரத்திடம் கொண்டுபோகும் முன் ஒரு பரிசோதனை. 159.15 ஹெர்ட்ஸில், ஆர்எம்எஸ் 10 மீட்டர்/விநாடி² உள்ள செயற்கை சைன் அலை செய்து உள்ளே கொடுங்கள். 2 பை பெருக்கல் 159.15 கிட்டத்தட்ட 1000 வருவதால், விடை 10 மி.மீ/விநாடி வந்தாக வேண்டும். கையடக்க அளவுத்திருத்தக் கருவிகள் பல இதே அதிர்வெண்ணில் ஆடுவதும் இந்த வசதிக்காகத்தான்.

அடுத்து என்வலப், அதாவது அலையின் மேல் விளிம்பு ஏறி இறங்குவதைப் பின்தொடர்வது. வெளி வளையத்தில் ஒரு சின்னப் பள்ளம். ஒவ்வொரு குண்டும் அதைத் தாண்டும்போது 'டிக்' என்று ஒரு தட்டு. அந்தத் தட்டு மணியை அடித்ததுபோல ஹவுசிங்கைப் பல கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கவைத்து அடங்கும். அடுத்த தட்டு 86இல் ஒரு பங்கு விநாடி கழித்து. 86 ஹெர்ட்ஸில் நேராகத் தேடினால், ஆரம்பத்தில் அன்பேலன்ஸின் பெரிய அலை அதை மறைத்துவிடும். ஆகவே 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் ஃபில்டர் செய்து, ஹில்பர்ட் மாற்றத்தின் அளவை எடுத்து, சராசரியைக் கழித்து, அதற்கு எஃப்எஃப்டி போடுங்கள். மணியோசை போய், மணி எத்தனை முறை அடிக்கப்பட்டது என்பது மட்டும் மிஞ்சும். 86, 172, 258 என்று வரிசையாக முகடுகள் நின்றால் வெளி வளையம்தான். 130இல் முகடும் அதன் இரு பக்கமும் 24 தள்ளிச் சின்ன முகடுகளும் இருந்தால் உள் வளையம், ஏனென்றால் பள்ளம் ஷாஃப்ட்டோடு சுற்றி, சுமை இருக்கும் பக்கத்துக்கு வந்து வந்து போகிறது.

படி 7: ஸ்பெக்ட்ரத்தை வாசிப்பது

1எக்ஸ் மட்டும் தனியாக உயர்ந்தால் அன்பேலன்ஸ். ஃபேன் இறக்கையில் தூசி படிந்தாலும் இதே. 2எக்ஸ் உயர்ந்து, ஷாஃப்ட் நீளவாக்கிலும் அதிர்வு கூடினால் மிஸ்அலைன்மென்ட். 1எக்ஸின் மடங்குகள் சீப்புப் பற்கள்போல வரிசையாக வந்தால் லூஸ்னஸ். ஸ்பானரை எடுத்து ஃபவுண்டேஷன் போல்ட்டைப் பாருங்கள். சீப்புக்கு இடையில் அரை மடங்குகளும் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். 100 ஹெர்ட்ஸ் மின்சாரக் கோளாறா என்று தெரிய, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்துங்கள். மின்சாரத்தால் வந்தது சுவிட்ச் அணைந்த கணமே மறையும். இயந்திரத்தால் வந்தது வேகத்தோடு மெல்ல இறங்கும்.

படி 8: எல்லைகளும் அலாரமும்

15 முதல் 300 கிலோவாட் வரையான இயந்திரங்களுக்கு, உறுதியான ஃபவுண்டேஷனில், ஐஎஸ்ஓ 10816-3 தந்த, நல்லதிலிருந்து மோசம் வரை நான்கு வட்டாரங்களைப் பிரிக்கும் எல்லைகள் 1.4, 2.8, 4.5 மி.மீ/விநாடி. இளகிய தாங்கலில் 2.3, 4.5, 7.1. 2022இல் ஐஎஸ்ஓ 20816-3 அதன் இடத்துக்கு வந்தது. இந்த எண்கள் தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் அதே தரநிலை இன்னொன்றும் சொல்கிறது: அளவு எல்லைக்குள்ளேயே இருந்தாலும், அடிப்படை அளவிலிருந்து இரண்டாவது எல்லையின் 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் அது கவனிக்க வேண்டிய மாற்றம். 2.8க்கு அது 0.7. அதாவது 0.8இல் ஓடிக்கொண்டிருந்த பம்ப் 1.6க்கு வந்தால், எண் இன்னும் ஏற்கத்தக்க வட்டாரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் போய்ப் பார்க்க வேண்டும். ஆபரேட்டரின் கை சொன்னதும் இதைத்தான்.

அடிப்படை அளவு எடுக்க, இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போது ஓரிரு வாரம் பதிவு செய்யுங்கள். வேகமும் சுமையும் வேறாக இருக்கும் பதிவுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். 1440இல் ஓடியதை 1440இல் ஓடியதோடு மட்டும் ஒப்பிடுங்கள். தொடங்கும் நேரத்துக் குலுக்கலுக்கு அலாரம் அடிக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று பதிவுகள் எல்லையைத் தாண்டினால் மட்டும் அடிக்கட்டும். பொய் அலாரம் நாலு முறை வந்தால் ஐந்தாவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

படி 9: பெட்டியை உயிரோடு வைத்திருப்பது

இது சுருக்கமாக. மூல கோப்பு முறைமையை வாசிப்புக்கு மட்டும் வைத்து, தரவை எஸ்எஸ்டியில் எழுதுங்கள். எஸ்டி கார்டு தொடர்ந்து எழுதினால் தேய்ந்து சாகும். நிரலை சிஸ்டம்டி சேவையாக்கி, விழுந்தால் தானே எழும்படி செய்து, பெட்டி உறைந்தால் மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாகையும் இயக்குங்கள். கடிகாரத்தைச் சரியாக வைக்க குரோனி நிரல். அளவுகளை மட்டும் எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக அனுப்பி, இன்ஃப்ளக்ஸ்டிபி தரவுத்தளத்தில் சேர்த்து, கிராஃபானாவில் வரையுங்கள். கச்சாப் பதிவு பெட்டியிலேயே இருக்கட்டும். பெட்டி பேசாமல் போனால் அதுவும் ஒரு அலாரம். வரைபடத்தில் கோடு நிற்பதை எல்லாம் நலம் என்று படிக்கக் கூடாது. ஆலை நெட்வொர்க்கில் இதைத் தனிப் பிரிவில் வையுங்கள்.

பேரிங் மாற்றிய பிறகு அடிப்படை அளவைப் புதிதாக எடுங்கள். பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். கழற்றிய பேரிங்கையும் குப்பையில் போடாதீர்கள். வெளி வளையத்தை அறுத்துத் திறந்து, கிரீஸைத் துடைத்து, குண்டு ஓடிய தடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உங்கள் என்வலப் 86 என்று சொல்லியிருந்தால் அந்தப் பள்ளம் அங்கே இருக்க வேண்டும். படம் எடுத்து, தேதி போட்டு, அன்றைய அலைவடிவக் கோப்போடு ஒரே அடைவில் வையுங்கள். அடுத்த முறை 86இல் முகடு முளைக்கும்போது முதலில் திறக்க வேண்டிய அடைவு அதுதான்.